ஆகாயப் படைன்னா பறக்கணும் தானே? படைங்கள எப்படித்தான் பிரிக்கிறாங்க?

சசி_ஈசூன்

வணக்கம் எல்லாருக்கும். பெரிய பையன் இங்க சிங்கப்பூர்ல, டெகோங் தீவுல பிஎம்டி (அடிப்படை ராணுவப் பயிற்சி) முடிச்சிட்டான், போன வாரம் போஸ்டிங் வந்துச்சு, ஏர்ஃபோர்ஸ்னு போட்டிருக்கு, வோகேஷன் ஏர் டிஃபென்ஸ் வெப்பன் ஆபரேட்டராம். நான் சந்தோஷத்துல திருச்சில இருக்குற நாத்தனாருக்கு வாட்ஸப்ல "அவனுக்கு ஏர்ஃபோர்ஸ் கிடைச்சிருக்கு"ன்னு ஒரே வரி போட்டேன். அவ்வளவுதான், தெரு முழுக்க பைலட்டுன்னு சொல்லி வச்சிட்டாங்க, மாமியார் சமயபுரத்துல அர்ச்சனை வேற பண்ணிட்டு பிரசாதத்த போட்டோ எடுத்து அனுப்புறாங்க. பையன் என்னடான்னா "மா, நான் ப்ளேன்ல ஏறுறதே திருச்சிக்கு வரும்போது மட்டும்தான்"ன்னு சிரிக்கிறான், தரையில நின்னு ஏவுகணை சுடுற வேலையாம்.

எனக்கு இப்போ நிஜமாவே குழப்பம். தரையில நிக்கிறவன் ஆர்மி, தண்ணியில இருக்கிறவன் நேவி, பறக்கிறவன் ஏர்ஃபோர்ஸ், இதான நாம ஸ்கூல்ல படிச்சது? தரையில நிக்கிறவன் எப்படி ஆகாயப் படை ஆனான்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, நாத்தனாருக்கு நான் பதில் சொல்லணும்.

பழைய_கப்பக்காரன்

வாழ்த்துகள் சசி. முதல்ல ஒண்ணு, அவன் எந்த கேம்ப், எந்த யூனிட்னு இங்க போடாதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க நிக்கிறான்ங்கறது கணக்கே இல்ல. வானத்துல எதிரி விமானம் வந்தா அத தடுக்குற பொறுப்பு யாருது, அதான் கேள்வி. நம்ம ஊர்ல அந்தப் பொறுப்ப முழுசா ஆகாயப் படைகிட்ட குடுத்துட்டாங்க. எஃப்-16 மேல போய் தடுத்தாலும் சரி, கீழ இருந்து ஏவுகணை போய் தடுத்தாலும் சரி, ரெண்டையும் பாக்குற கண்ணு ஒண்ணுதான், அதே ரேடார், அதே கட்டுப்பாட்டு அறை. ரெண்டு தனித்தனி படைகிட்ட குடுத்தா நம்ம விமானத்த நாமளே சுட்டுக்க வேண்டியதுதான். முன்னாடி ரேப்பியர், ஐ-ஹாக்னு இருந்துச்சு, இப்போ ஸ்பைடர், ஆஸ்டர் 30, எல்லாமே ஆகாயப் படை சொத்துதான்.

இதுல கூத்து என்னன்னா அதே ஆஸ்டர் குடும்பத்து ஏவுகணை எங்க கடற்படையோட ஃப்ரிகேட் போர்க்கப்பல்லயும் இருக்கு. கப்பல்ல இருந்தா அது கடற்படை, லாரியில இருந்தா ஆகாயப் படை. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, தாலி கட்டிப் போன வீடு வேற வேற மாதிரி.

தெம்பனிஸ்_தம்பி

அண்ணன் தம்பிக்கு யாருண்ணே தாலி கட்டினா 😂

பழைய_கப்பக்காரன்

சரி அக்கா தங்கச்சின்னு வச்சிக்கோ லா. காலையில காப்பி குடிக்காம டைப் பண்ணினது.

கரிகாலன்77

கப்பக்காரர் சொன்னது சிங்கப்பூருக்கு சரி, ஆனா இது உலகப் பொது விதி இல்ல. பேட்ரியட் ஏவுகணை கேள்விப்பட்டிருப்பீங்க, அமெரிக்காவுல அத வச்சிருக்கிறது தரைப்படை. அதே பேட்ரியட் ஜெர்மனியில விமானப்படைகிட்ட இருக்கு. இந்தியாவுல ஆகாஷ் ஏவுகணை விமானப்படையிலயும் இருக்கு, தரைப்படைக்குள்ள வான் பாதுகாப்புக்குன்னே ஒரு தனி கோர் இருக்கு, அவங்ககிட்டயும் இருக்கு. சசியோட பையன் அமெரிக்காவுல பிறந்திருந்தா ஆர்மி, நாத்தனாருக்கு இந்த ஏமாற்றமே வந்திருக்காது.

இது ஏதோ அறிவியல் பூர்வமா உக்காந்து பிரிச்சதுன்னு நெனைக்காதீங்க, எல்லாம் பாகப்பிரிவினைதான். எந்த பிரிவுக்கு எந்த ஆயுதம்னு பாத்தீங்கன்னா பின்னாடி ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் இருக்கும். பிரிட்டன எடுத்துக்குங்க. முதல் உலகப் போர்ல தரைப்படைக்குன்னு ஒரு விமானப் பிரிவு, கடற்படைக்குன்னு ஒண்ணு, ரெண்டும் இன்ஜினுக்கும் விமானத்துக்கும் போட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. 1918 ஏப்ரல் 1ஆம் தேதி ரெண்டையும் பிடுங்கி ஒண்ணாக்கி ராயல் ஏர்ஃபோர்ஸ்னு பேர் வச்சாங்க. (ஆமா, ஏப்ரல் ஒண்ணு. கடற்படைக்காரங்க அத ரொம்ப நாள் சொல்லி சிரிச்சிருப்பாங்க.) அதுக்கப்புறம் என்ன ஆச்சு, கடற்படைகிட்ட விமானந்தாங்கிக் கப்பல் இருக்கு, ஆனா மேல நிக்கிற விமானம் அவங்களது இல்ல. வீடு என்னுது, கட்டில் பக்கத்து வீட்டுக்காரனுது. இருபது வருஷம் மல்லுக்கட்டி 1937ல அரசாங்கம் திருப்பிக் குடுக்க முடிவு பண்ணி, 1939 மே மாசம்தான் கைக்கு வந்துச்சு. செப்டம்பர்ல போரே ஆரம்பிச்சிருச்சு.

ஜோகூர்_வாசு

அமெரிக்கா கதை இன்னும் மோசம். 1947 வரைக்கும் அங்க தனி விமானப்படையே கிடையாது, ரெண்டாம் உலகப் போர்ல பெரிய குண்டுவீச்செல்லாம் பண்ணினது தரைப்படையோட விமானப் பிரிவுதான், ஹிரோஷிமா உட்பட. 1947 செப்டம்பர்ல தனிக்குடித்தனம் போனாங்க. போன உடனே சண்டை, எது யாருதுன்னு. 1948 மார்ச்சுல ஃபாரஸ்டல்னு அப்போ இருந்த பாதுகாப்பு அமைச்சர் எல்லா தளபதிங்களையும் கீ வெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு பிரிச்சு விட்டாரு, கடற்படை தன்னோட விமானத்த வச்சுக்கலாம், தரைப்படை பெரிய சண்டை விமானமெல்லாம் வச்சுக்கக் கூடாது. அதனாலதான் தரைப்படை ஹெலிகாப்டர் பக்கம் போச்சு. 1966ல இன்னொரு ஒப்பந்தம், தரைப்படை தன்கிட்ட இருந்த கரிபூ சரக்கு விமானங்கள விமானப்படைக்கு விட்டுக்குடுத்துச்சு, விமானப்படை ஹெலிகாப்டர் மேல இருந்த பாத்தியதைய பெருமளவு விட்டுச்சு. இன்னைக்கும் அமெரிக்காவுல அப்பாச்சி சண்டை ஹெலிகாப்டர் ஓட்டுறவன் ஆர்மிக்காரன்.

கரிகாலன்77

இந்தியாவுல அப்பாச்சி 22 விமானப்படைக்கு, அப்புறமா தரைப்படை தனக்குன்னு 6 தனியா வாங்கிக்கிச்சு. பழுது பாக்குறது, பயிற்சி, உதிரி பாகம், எல்லாத்துக்கும் ரெண்டு குடும்பம். என்னோட சித்தப்பா பையன் இந்திய தரைப்படையில இருந்து ரிடயர் ஆனவன், இத கேட்டா ஒரு மணி நேரம் விடமாட்டான். "முன்னணியில இருக்கிறவன் கூப்ட்டா உடனே வரணும், போன் போட்டு அடுத்த வீட்டுல பெர்மிஷன் கேக்க முடியாது"ன்னுவான். விமானப்படைக்காரன கேட்டா, இருக்கிறதே கொஞ்சம், அத பிரிச்சு பிரிச்சு குடுத்தா எங்கயுமே போதாதுன்னுவான். ரெண்டும் நியாயம்தான், அதான் பிரச்சனையே.

மலர்விழி_எஸ்ஜி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் தம்பி எஸ்சிடிஎஃப்ல (சிவில் டிஃபென்ஸ் படை) என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, பண்றான், அத்தை பையன் போலீஸ்ல. அவங்களும் ரெண்டு வருஷம்தான், அவங்களும் யூனிபார்ம்தான். அப்போ ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ், போலீஸ், சிவில் டிஃபென்ஸ்னு அஞ்சு படை தானே?

பழைய_கப்பக்காரன்

இல்லம்மா. என்எஸ்ங்கறது கடமை, அத மூணு இடத்துல செய்யலாம்: ஆயுதப்படை, போலீஸ், சிவில் டிஃபென்ஸ். ஆயுதப்படை மட்டும்தான் தற்காப்பு அமைச்சுக்கு கீழ, மத்த ரெண்டும் உள்துறை அமைச்சு. கூர்க்கா கன்டிஞ்சன்ட் பாத்திருப்பீங்க, தொப்பியும் குக்ரியும் பாத்துட்டு எல்லாரும் ராணுவம்னு நெனைப்பாங்க, 1949லேர்ந்து அவங்க போலீஸ்தான். போலீஸ் கோஸ்ட் கார்டும் அப்படித்தான், துப்பாக்கி பூட்டின படகு, ஆனா கடற்படை இல்ல.

இதுவும் ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவுல கோஸ்ட் கார்டு பாதுகாப்பு அமைச்சுக்கு கீழ. அமெரிக்காவுல கோஸ்ட் கார்டும் ஆயுதப்படைகள்ல ஒண்ணு, ஆனா 2003லேர்ந்து உள்நாட்டுப் பாதுகாப்பு துறைக்கு கீழ இருக்கு, அதுக்கு முன்னாடி போக்குவரத்து துறை, அதுக்கும் முன்னாடி கஜானா துறை. வீடு மாறிக்கிட்டே இருக்காங்க, நம்ம வாடகைக்காரங்க மாதிரி.

சசி_ஈசூன்

இவ்வளவு இருக்கா இதுல! இன்னொண்ணு. பையனோட ஆபீசர் ஒருத்தர் கேப்டன். ஏர்ஃபோர்ஸ்ல ஏது கேப்டன்? திருச்சில எதிர் வீட்டு அங்கிள் இந்திய ஏர்ஃபோர்ஸ்ல விங் கமாண்டரா இருந்தவரு, "கேப்டன்னா கடற்படையில பெரிய ஆளும்மா"ன்னு சொல்றாரு.

பழைய_கப்பக்காரன்

ஹாஹா, இது எனக்கு பிடிச்ச சப்ஜெக்ட்.

இந்தியா, பிரிட்டன் பழக்கப்படி மூணு படைக்கும் பதவிப் பேரு வேற வேற. தரைப்படை கேப்டன் சின்னப் பையன், அவருக்கு மேல மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். கடற்படை கேப்டன் அந்தக் கர்னலுக்கு சமம். விமானப்படையில அதே அந்தஸ்துக்கு குரூப் கேப்டன்னு பேரு. ஒரே சொல்லு, ரெண்டு உயரம்.

நம்ம ஊர்ல இந்தக் குழப்பமே வேண்டாம்னு மூணுக்கும் ஒரே பேரு. ஆகாயப் படையிலயும் மேஜர், கர்னல்தான், கடற்படையிலயும் மேஜர், கர்னல்தான். ஃப்ரிகேட் ஓட்டுற கமாண்டிங் ஆபீசர் பதவியில லெப்டினன்ட் கர்னல். கர்னலுக்கு மேல போனா மட்டும் கடற்படைக்காரங்க ரியர் அட்மிரல்னு மாறிடுவாங்க, ஆகாயப் படை அங்கயும் ஜெனரல்தான். நான் கப்பல்ல இருந்தப்போ வெளிநாட்டு துறைமுகத்துல ஒரு விருந்து, எங்க ஆபீசர் ஒருத்தர் கைகுடுத்து "கேப்டன்"னு அறிமுகம் பண்ணிக்கிட்டாரு, அந்த நாட்டு ஆளு நேரா நிமிர்ந்து, முன்னாடி வரிசைக்கு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிட்டாரு. இவருக்கு வயசு இருபத்தி ஏழு. எதுவும் பேசாம சாப்பிட்டு வந்துட்டாரு.

தெம்பனிஸ்_தம்பி

நல்லா சாப்பிட்டிருப்பாரு 😂

நான் கேக்குறது வேற. இவ்வளவு தகராறு வர்றதுக்கு பேசாம எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா என்ன? ஒரே படை, ஒரே யூனிபார்ம், ஒரே ஸ்டோர். நம்ம மாதிரி சின்ன ஊருக்கு எதுக்கு தனித்தனி ஹெச்க்யூ? பேரேட் கமாண்டு மட்டும் எல்லாருக்கும் ஒரே மலாய்தான, "செடியா"ன்னா (அட்டென்ஷன்) ஆர்மியும் நிக்கிறான், நேவியும் நிக்கிறான்.

ஜோகூர்_வாசு

தம்பி, அத ஒரு நாடு செஞ்சு பாத்துச்சு. கனடா. 1968 பிப்ரவரி 1, தரைப்படை கடற்படை விமானப்படை மூணையும் சட்டப்படி கலைச்சிட்டு ஒரே படை ஆக்கிட்டாங்க, எல்லாருக்கும் ஒரே கரும்பச்சை யூனிபார்ம். கடலுக்கு போறவனுக்கும் பச்சை. எதிர்த்துப் பேசின அட்மிரல் ஒருத்தரோட வேலையே போச்சு. காசு மிச்சம், ஒருங்கிணைப்புன்னு காரணம் சொன்னாங்க. எண்பதுகள்ல பழைய நிற யூனிபார்ம் திரும்ப வந்துருச்சு, 2011ல ராயல் கனடியன் நேவி, ராயல் கனடியன் ஏர்ஃபோர்ஸ்னு பழைய பேரும் வந்துருச்சு. சட்டப்படி இன்னைக்கும் ஒரே படைதான், ஆனா கப்பல்ல இருக்கிறவன கேட்டா நேவின்னுதான் சொல்லுவான்.

ஆளுக்கு ஒரு தொழில், அதுக்கு ஒரு பழக்கம், அத நிறத்த மாத்தி அழிக்க முடியல.

பழைய_கப்பக்காரன்

வாசு சொன்னது சரி, ஆனா தம்பியோட கேள்வியிலயும் நியாயம் இருக்கு. வளக்குறது தனித்தனியா, சண்டைக்கு போறது ஒண்ணா, அதுதான் இப்போ பெரும்பாலான நாட்டோட வழி. ஆள் எடுக்குறது, பயிற்சி, சாமான் வாங்குறது எல்லாம் அந்தந்த படை பாத்துக்கும். வேலைன்னு வந்துட்டா எல்லாரும் ஒரு தலைவருக்கு கீழ. இந்தியாவுல முப்படைத் தலைவர்னு ஒரு பதவியே 2020 ஜனவரியிலதான் வந்துச்சு, ஆனா அந்தமான்ல முப்படைக்கும் சேர்த்து ஒரே கமாண்டு 2001லயே வச்சிட்டாங்க. நமக்கு தற்காப்புப் படைத் தலைவர்னு ஒருத்தர் ரொம்ப நாளா இருக்காரு, ஆர்மிக்காரங்களா வந்துட்டு இருந்தாங்க, 1995ல முதல் தடவையா ஆகாயப் படைக்காரர், 2023ல முதல் தடவையா கடற்படைக்காரர். அன்னைக்கு என் பழைய செட்டு வாட்ஸப் குரூப் தூங்கவே இல்ல.

ஒண்ணா போறதுன்னா எப்படி இருக்கும்னு சொல்றேன். 2004 டிசம்பர் சுனாமி, இந்தோனேசியாவுல ஆச்சேக்கு எங்க எல்எஸ்டி கப்பல் (ஆளையும் வண்டியையும் கரையில இறக்குற கப்பல்) மூணு போச்சு. 141 மீட்டர் நீளம், பின்பக்க கதவு திறந்தா உள்ள தண்ணி வந்து படகு மிதக்குற மாதிரி ஒரு தொட்டி. கப்பல ஓட்டுறது நாங்க. உள்ள அடுக்கி இருக்குற லாரி, புல்டோசர், அதுக்கு இன்ஜினியர்ஸ், டாக்டருங்க, எல்லாம் வேற வேற பிரிவு. மேல டெக்ல வந்து இறங்குற ஹெலிகாப்டர் ஆகாயப் படை. அங்க மியூலபோ ஊர்ல கரையே இல்ல, அலை தின்னுட்டுப் போயிருச்சு, சிறு படகுல சாமான் கொண்டு போனா எங்க ஒதுங்குறதுன்னு தெரியாது, இன்ஜினியருங்க இறங்கி இடத்த சரி பண்ணிக் குடுத்தாதான் எங்க படகு முட்டும்.

கப்பல் ஆட்டத்துல ஆர்மி பசங்க சில பேரு பச்சை முகத்தோட வாளிய கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. எங்க குக் மலாய்க்கார அண்ணன், அவங்களுக்கு மட்டும் இஞ்சி போட்டு டீ போடுவாரு, ஆகாயப் படைக்காரன் கேட்டா "நீதான் தினமும் ஆடுறியே, உனக்கு எதுக்கு"ன்னு விரட்டுவாரு. ரெண்டாவது நாள் யாரு எந்த படைன்னு பாக்க நேரமே இல்ல, மூட்டைய கை மாத்தி கை மாத்தி அனுப்பிட்டே இருந்தோம், அரிசி, தண்ணி, பாய், கூடாரம். கரையில நின்னவங்களுக்கு நாங்க எல்லாருமே ஒண்ணுதான்.

கரிகாலன்77

அருமை அண்ணே.

உங்க ஃப்ரிகேட்ல இருக்கிற சீஹாக் ஹெலிகாப்டரும் ஆகாயப் படைதானே? அத ஓட்டுறவங்க ஆகாயப் படை பைலட். இந்தியாவுல விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் மேல நிக்கிற மிக்-29கே விமானம் ஓட்டுறவன் கடற்படைக்காரன். ரெண்டு நாட்டுக்காரனும் கப்பல்லதான் தூங்குறான், சட்டையில பேட்ஜ் வேற.

பழைய_கப்பக்காரன்

ஆமா, 123 ஸ்க்வாட்ரன். சின்ன ஊரு, பைலட்ட ரெண்டு இடத்துல வளர்க்க ஆள் எங்க இருக்கு? அதனால பறக்குறது எல்லாம் பெரும்பாலும் ஒரே கூரைக்கு கீழ. அதே மாதிரி ஆர்மி இன்ஜினியர்ஸ்கிட்ட எம்3ஜின்னு ஒரு வண்டி இருக்கு, ரோட்ல லாரி மாதிரி வரும், தண்ணியில இறங்கி பாலமாவோ தெப்பமாவோ ஆயிடும், அது மிதந்தாலும் கடற்படை இல்ல.

நம்ம கடற்படை ரெண்டு மரக்கப்பலோட ஆரம்பிச்சுது, 1967 மே 5. ஆகாயப் படைக்கு 1969ல வந்த முதல் விமானம் செஸ்னா 172, சின்ன ஸ்கூல் ப்ளேன். ரெண்டு படைக்கும் இப்போ இருக்கிற பேரு 1975 ஏப்ரல் 1ல வச்சது, அதுக்கு முன்னாடி ரெண்டும் கமாண்டுதான். மறுபடி ஏப்ரல் ஒண்ணு, கரிகாலன் 😄

தமிழ்வாத்தி_பிடோக்

ஓரமா நின்னு படிச்சிட்டு இருந்தேன், ஒண்ணு சேத்துக்குறேன். நம்ம பழைய கணக்கு மூணு இல்ல, நாலு. தேர், யானை, குதிரை, காலாள். சதுரங்கம்னாலே நாலு அங்கம்னுதான் அர்த்தம், செஸ் போர்டுல இன்னும் அது உக்காந்திருக்கு. படைமாட்சி அதிகாரத்துல வள்ளுவர் முதல் சொல்லே "உறுப்பமைந்து"ன்னு தொடங்குறாரு, பரிமேலழகர் அதுக்கு இந்த நாலு உறுப்பையும்தான் சொல்றாரு. கவனிச்சீங்கன்னா அந்தப் பிரிவு இடத்த வச்சு இல்ல, எது மேல ஏறிப் போறான்ங்கறத வச்சு. அதுல கப்பலே கிடையாது, 1025ல ராஜேந்திரன் கடாரம் வரைக்கும் கடல் தாண்டி வந்திருக்கான், ஆனா நூல்ல நாற்படைதான். நெஜ உலகம் மாறின பிறகும் பழைய பட்டியல் அப்படியே ஓடும்.

சிங்கப்பூர்லயும் இப்போ நாலுதான். 2022 அக்டோபர் 28 சஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்துல அணிவகுப்பு வச்சு மின்னிலக்க, உளவுச் சேவைய நாலாவது படையா ஆக்கிட்டாங்க.

தெம்பனிஸ்_தம்பி

சார் அது கீபோர்டு படை. ஏசி ரூம். எங்க காலத்துல ஸ்டோர்மேன் கிளார்க்கையே கிண்டல் பண்ணுவோம், இவங்களுக்கு தனி கொடி வேற.

மலர்விழி_எஸ்ஜி

தம்பி, அப்படி பேசாதீங்க. நான் ஐடியில இருக்கேன், ஒரு துறைமுகத்தோட கம்ப்யூட்டர் படுத்துச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா, கன்டெய்னர் ஒண்ணு நகராது. நாம சாப்பாட்டுக்கே கப்பல நம்பி இருக்கிற ஊரு. அத காப்பாத்துறவன் புல்லுல படுத்து உருளணும்னு என்ன அவசியம்?

ஜோகூர்_வாசு

கிண்டல் எல்லாருக்கும் நடந்ததுதான். 1918ல விமானப்படைய பாத்து தரைப்படைக்காரன் என்ன சொல்லி இருப்பான்? 2019 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்பேஸ் ஃபோர்ஸ் வந்தப்போ உலகமே சிரிச்சுது. ஜெர்மனி 2017ல சைபருக்கு தனிப் பிரிவு வச்சு, 2024ல அதையும் நாலாவது படைன்னு ஆக்கிடுச்சு. சீனாவுல ஏவுகணைக்குன்னே தனி ராக்கெட் ஃபோர்ஸ். விண்வெளி, சைபர் எல்லாத்தையும் ஒரே பிரிவுல 2015 கடைசியில சேர்த்தாங்க, 2024 ஏப்ரல்ல கலைச்சிட்டு மூணா பிரிச்சிட்டாங்க. யாருக்கும் இன்னும் சரியான கணக்கு பிடிபடல, அதான் உண்மை.

ரொம்ப யோசிச்சா பொலிவியாவ நெனைச்சுக்குங்க. சிலிகிட்ட தோத்து கடற்கரைய பறிகுடுத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கடலே கிடையாது, ஆனா கடற்படை இருக்கு, டிட்டிகாக்கா ஏரியில ரோந்து போகுது. கடல் போனாலும் படைய விடமாட்டாங்க.

தெம்பனிஸ்_தம்பி

சரி சரி, கீபோர்டு படைக்கு சல்யூட். நான் என்னமோ மூணு வருஷமா ரிசர்விஸ்ட்ல ஐபிபிடி (உடற்தகுதி டெஸ்ட்) பாஸ் பண்ணாம இருக்கேன், எனக்கு எதுக்கு இந்த வாய்.

சசி_ஈசூன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன் புக் அவுட் ஆகி வந்தான், சோத்த பிசைஞ்சுக்கிட்டே இந்த இழைய முழுசா போன்ல படிச்சான். கப்பக்காரர் அங்கிள் சொன்ன இஞ்சி டீ கதைக்கு சிரிச்சான். அவன் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணு: "மா, பைலட் மேல போறாருன்னா கீழ நான் இருக்கேன்னு நம்பித்தான் போறாரு, அத சொல்லு அத்தைக்கு."

அதையே நாத்தனார்கிட்ட போன்ல சொன்னேன், கப்பல், லாரி, அக்கா தங்கச்சி ஏவுகணை எல்லாம் விளக்கி. பொறுமையா கேட்டுட்டு "ஓ, அப்போ ராக்கெட் விடுறானா"ன்னாங்க. நான் ஆமான்னு சொல்லி இருக்கக் கூடாது. நேத்து மாமியார் போன் பண்றாங்க, தெருவுல இப்போ அவன் ராக்கெட் விஞ்ஞானியாம், எதிர் வீட்டு விங் கமாண்டர் அங்கிள் மட்டும் நம்பலையாம்.

இன்னைக்கு ராத்திரி புக் இன். பையில முறுக்கு கட்டி வச்சிருக்கேன், செக்ஷனுக்கே போதுற அளவு.